சம்ப், போர்வெல் மோட்டார் கண்காணிப்புக்கு எந்த ஒற்றைப் பலகைக் கணினி பொருந்தும்? வன்பொருள் குறித்து ஆலோசனை தேவை

ஹொரமாவு செயலாளர் | ஞாயிறு, காலை 9.12

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் ஹொரமாவு பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். 2024 கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீரையே நம்பியிருக்க நேர்ந்த நாளிலிருந்து, சம்ப்பில் (நிலத்தடி நீர்த்தொட்டியில்) எந்த நேரத்தில் எவ்வளவு நீர் இருந்தது, டேங்கர் உண்மையில் எவ்வளவு ஊற்றிச் சென்றது, போர் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்ற மூன்றையும் பதிவுசெய்து, குடியிருப்பவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்துவருகிறது. இந்த ஆண்டு அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம்.

மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்தபோது, ஒரு கடையில் 8 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெரி பை 5 என்ற ஒற்றைப் பலகைக் கணினியை வாங்கச் சொன்னார்கள், செயலி 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்பதுதான் அவர்கள் சொன்ன முதன்மையான காரணம். எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு பொறியாளர் பீகிள்போன் பிளாக் என்ற வேறொரு பலகை போதும் என்கிறார். சென்சாருக்கு, மூடியின் அடியில் பொருத்தி, எதிரொலியைக் கொண்டு தொலைவை அளக்கும் அல்ட்ராசானிக் வகையை யோசித்திருக்கிறோம். பலகையின் எந்த வன்பொருள் அம்சத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பீன்யா மின்னணுவர் | ஞாயிறு, காலை 10.05

வணக்கம் அம்மா. கிகாஹெர்ட்ஸ் கணக்கை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். சில வினாடிகளுக்கு ஒருமுறை ஓர் அளவை வாசித்து, கோப்பில் எழுதி, ஒரு வலைப்பக்கத்தில் காட்டுவதற்கு, 2012இல் வந்த முதல் ராஸ்பெரி பையின் 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமுமே போதுமானவை. உங்கள் வேலைக்குப் பலகையின் நடுவில் இருக்கும் சில்லைவிட, அதன் ஓரங்களில் இருக்கும் ஊசிகளும் மின்வழியும் சேமிப்பும்தான் முக்கியம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ராஸ்பெரி பையின் 40 ஊசிகளில் ஒன்றுகூட அனலாக் உள்ளீடு இல்லை என்பது. பை 4 ஆனாலும் பை 5 ஆனாலும் இதுதான் நிலை. ஊசியில் மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது அறியும். எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும், ஏடிசி எனப்படும் தனிச் சில்லு ஒன்றை, ஐ2சி அல்லது எஸ்பிஐ என்ற தொடர்பு முறை வழியாக இணைக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்படாதவை. நீங்கள் குறிப்பிட்ட அல்ட்ராசானிக் சென்சார்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் இயங்கி, எதிரொலிக் குறியையும் 5 வோல்ட்டில் அனுப்புகின்றன. அதை நேராக ஊசியில் செருகினால் இன்று வேலை செய்வதுபோல் தோன்றும்; ஒரு நாள் அந்த ஊசி செத்துப்போகும், சில வேளை செயலியையும் சேர்த்துக்கொண்டு போகும். 1 கிலோஓம், 2 கிலோஓம் என இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, நடுவிலிருந்து எடுத்தால் 3.33 வோல்ட் கிடைக்கும். ஒரு ரூபாய் பெறாத பொருள், ஆனால் அதைப் போடாமல் பலகையை இழந்து பட்டறைக்குக் கொண்டுவருபவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

ரிலே (சுருளால் இயங்கும் மின்சுவிட்ச்) வைப்பதாக இருந்தால் அதே எச்சரிக்கை பொருந்தும். ஓர் ஊசி அதிகபட்சம் 16 மில்லியாம்பியர்தான் தரும். சாதாரண 5 வோல்ட் ரிலேயின் சுருளோ ஏறத்தாழ 70 மில்லியாம்பியர் இழுக்கும். இடையில் டிரான்சிஸ்டரும், சுருளுக்குக் குறுக்கே டயோடும் கட்டாயம் வேண்டும்.

ஜாலஹள்ளி மாணவி | ஞாயிறு, காலை 11.30

பை 5ஐ வேகத்துக்காகப் பரிந்துரைப்பது தவறு என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் வேகத்தைத் தவிர அதில் வந்திருக்கும் மற்ற மாற்றங்கள் இந்தப் பணிக்கு நேரடியாகப் பொருந்துவதால், அதை உடனே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2023இல் வந்த அந்தப் பலகையில், நேரம் காக்கும் கடிகாரம் முதன்முறையாகப் பலகையிலேயே அமைந்திருக்கிறது. பேட்டரி செருகுவதற்குத் தனி இணைப்பும், முறையாக அணைப்பதற்குப் பொத்தானும் இருக்கின்றன. முந்தைய பைகளில் கடிகாரமே கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு எழும்போது, கடைசியாகக் கோப்பில் எழுதிவைத்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் கிடைத்த பிறகே சரியான நேரத்துக்கு வரும். நம் குடியிருப்புகளில் மின்சாரம் திரும்பியதும் கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது, ரவுட்டருக்கோ கூடுதல் நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் எழுதப்படும் பதிவுகள் எல்லாம் தவறான நேரத்தைச் சுமந்திருக்கும். டேங்கர் இரவு எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான் கேள்வி என்றால், இது சிறு குறை ஆகாது.

அத்துடன் பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பு ஒன்றும் வெளியே கொடுக்கப்பட்டிருப்பதால், எஸ்டி கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டியைப் பொருத்திக்கொள்ளலாம். நெடுங்காலப் பதிவுக்கு இது பெரிய வசதி.

பீன்யா மின்னணுவர் | ஞாயிறு, பிற்பகல் 12.15

தங்கை சொன்ன கடிகாரக் குறிப்பு மிகச் சரி. ஆனால் பை 5இன் மின்தேவையையும் சேர்த்து எடை போட வேண்டும். அதற்குப் பரிந்துரைக்கப்படும் அடாப்டர் 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருவது. கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி-சி சார்ஜர்களில் மிகப் பெரும்பாலானவை, மேல் மின்னழுத்தங்களில் எத்தனை வாட் தந்தாலும், 5 வோல்ட்டில் 3 ஆம்பியரோடு நின்றுவிடுகின்றன. அப்படிப்பட்ட சார்ஜரைச் செருகினால் பலகை இயங்கும். ஆனால் யூஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர் என்று தானே வரம்பு வைத்துக்கொள்ளும். 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால்தான் அது 1.6 ஆம்பியராக உயரும்.

கடிகாரம் மட்டுமே காரணம் என்றால், எந்தப் பலகைக்கும் டிஎஸ்3231 சில்லு உள்ள சிறு தட்டை ஐ2சியில் இணைத்துவிடலாம். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தச் சில்லு, ஆண்டு முழுதும் இணையமே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது. பை 5இன் கடிகாரத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை: பேட்டரியை மின்னேற்றும் அமைப்பு முதலில் அணைக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். மின்னேற்றக்கூடிய பேட்டரி போட்டிருந்தால் மட்டும் அதை இயக்குங்கள். சாதாரண நாணய பேட்டரியைப் போட்டுவிட்டு அதை இயக்குவது ஆபத்து.

செயலாளர் அம்மா, பலகை எங்கே வைக்கப்படும், சம்ப் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். அது தெரியாமல் பலகையைத் தேர்ந்தெடுக்க இயலாது.

ஹொரமாவு செயலாளர் | ஞாயிறு, பிற்பகல் 1.40

சம்ப் நுழைவாயிலில், காவலர் அறையை ஒட்டி இருக்கிறது. உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர். சங்க அலுவலகம் தரைத்தளத்தில், சம்ப்பிலிருந்து சுமார் 40 மீட்டர் தொலைவில் உள்ளது. ரவுட்டரும் யூபிஎஸ்ஸும் அங்கேதான் இருக்கின்றன. போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பேனல் அலுவலகத்துக்குப் பின்சுவரில் உள்ளது. பலகையைக் காவலர் அறையில் வைத்து, அலுவலகத்திலிருந்து 5 வோல்ட்டைக் கம்பி வழியாகக் கொண்டுபோகலாம் என்று எலக்ட்ரீஷியன் கூறினார்.

கே.ஆர்.புரம் ஓய்வுபெற்றவர் | ஞாயிறு, மாலை 5.20

அம்மா, 5 வோல்ட்டை 40 மீட்டர் கொண்டுபோகும் யோசனையை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு 1 கி.மீ.க்கு ஏறத்தாழ 36 ஓம் தடை உண்டு. போக 40, வர 40 என்று 80 மீட்டருக்கு 2.9 ஓம் ஆகிறது. பலகை 1 ஆம்பியர் இழுத்தாலே வழியில் 2.9 வோல்ட் கரைந்துவிடும். ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே குறைமின்னழுத்த எச்சரிக்கை காட்டத் தொடங்கும், 2.1 வோல்ட்டில் அது எழவே எழாது.

ஆனால் அதே கம்பி, அதே 40 மீட்டரை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். பலகையை நீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, நீரின் அளவைப் பலகை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தொழிற்சாலைகளில் பல்லாண்டுகளாகப் புழங்கும் 4-20 மில்லியாம்பியர் முறை இதற்கென்றே உள்ளது. சம்ப்பின் அடியில் நீரழுத்தத்தை அளக்கும், மூழ்கும் வகை லெவல் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை இறக்குங்கள். தொட்டி வெறுமையாக இருந்தால் அது 4 மில்லியாம்பியரும், அதன் முழு அளவுக்கு நீர் இருந்தால் 20 மில்லியாம்பியரும் கம்பியில் ஓடவிடும். அலுவலகத்தில் 24 வோல்ட் மின்வழங்கி வைத்து, பலகையின் பக்கம் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சுற்றில் சேர்த்தால், அதன் குறுக்கே 0.6 முதல் 3.0 வோல்ட் வரை கிடைக்கும். கம்பியின் 2.9 ஓம் தின்பது 20 மில்லியாம்பியரிலும் 0.06 வோல்ட்டுக்குக் குறைவுதான். அதுவும் 24 வோல்ட்டிலிருந்து போகிறதே தவிர அளவைத் தொடுவதில்லை, ஏனென்றால் சுற்றில் எங்கே அளந்தாலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே.

வெறுமைக்கு 0 என்று வைக்காமல் 4 என்று வைத்ததில்தான் இந்த முறையின் அருமை இருக்கிறது. எலி கம்பியைக் கடித்தாலோ இணைப்பு துருப்பிடித்து விட்டாலோ மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். தொட்டி காலியா, கம்பி அறுந்ததா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

அல்ட்ராசானிக் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய சம்ப்பின் உள்ளே ஈரம் மூடியில் துளித்துளியாகப் படியும். சென்சார் முகத்திலும் படியும். உள்ளே இறங்கும் இரும்பு ஏணி பொய்யான எதிரொலி தரும். நீர்புகா வகைகளில் முகத்திலிருந்து சுமார் 20 முதல் 25 செ.மீ. வரை அதற்குக் கண்ணே தெரியாது. ஆகவே சம்ப் நிரம்பும் கடைசிப் பகுதியில், உங்களுக்கு அளவு மிகவும் தேவைப்படும் வேளையில், அது பிதற்றும்.

ஜாலஹள்ளி மாணவி | ஞாயிறு, மாலை 6.45

ஐயா கூறியதைக் கொண்டு ஏடிசியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பலகைகளை ஒப்பிடவும் இதுவே வழிகாட்டுகிறது.

சம்ப்பின் பரப்பு 12 சதுர மீட்டர். ஆகவே நீர்மட்டம் 1 செ.மீ. மாறினால் 120 லிட்டர். ஒரு 6,000 லிட்டர் டேங்கர் முழுதாக ஊற்றினால் மட்டம் 50 செ.மீ. உயர வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் 5 மீட்டர் அளவினது என்று கொண்டால், 16 மில்லியாம்பியர் 5 மீட்டருக்குப் பகிரப்படுவதால், 1 செ.மீ.க்கு 0.032 மில்லியாம்பியர், 150 ஓமில் அது 4.8 மில்லிவோல்ட். பலரும் பயன்படுத்தும் எம்சிபி3008 என்ற ஏடிசி 10 பிட் கொண்டது, 3.3 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கும்போது ஒரு படி 3.2 மில்லிவோல்ட். அதாவது ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 80 லிட்டர். பீகிள்போன் பிளாக்கில் அனலாக் உள்ளீடுகள் ஏழு பலகையிலேயே இருக்கின்றன. அவை 12 பிட், ஆனால் 1.8 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. 150 ஓமுக்குப் பதில் 82 ஓம் போட்டால் உச்சம் 1.64 வோல்ட் ஆகும், 1 செ.மீ.க்கு ஆறு படிகள், ஒரு படிக்கு 20 லிட்டர். ஐ2சியில் இணையும் ஏடிஎஸ்1115 சில்லு 16 பிட், அதன் 4.096 வோல்ட் வரம்பில் ஒரு படி 0.125 மில்லிவோல்ட் என்பதால் 1 செ.மீ.க்கு 38 படிகள் கிடைக்கின்றன.

ஆகவே பீகிள்போன் பரிந்துரையும் காரணமில்லாதது என்று சொல்ல முடியாது. 2013இல் வந்த பலகை என்றாலும், அனலாக் உள்ளீடு இருக்கிறது, 4 ஜிபி ஈஎம்எம்சி சேமிப்பு பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது, லித்தியம் பேட்டரி இணைக்கப் பலகையின் மீது தனி முனைகளும் இருக்கின்றன. இவற்றுடன் நிகழ்நேரப் பணிகளுக்கான பிஆர்யூ என்ற 200 மெகாஹெர்ட்ஸ் துணைச் செயலிகள் இரண்டு உள்ளன.

பீன்யா மின்னணுவர் | ஞாயிறு, இரவு 8.10

பீகிள்போனின் சில்லைத் தரும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985 முதல் நம் ஊரில் இயங்கிவரும் நிறுவனம் என்பதாலோ என்னவோ, பெங்களூரில் அந்தப் பலகைக்கு எப்போதும் ஒரு தனிப் பற்று உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த இடத்துக்கு அதைத் தர நான் தயங்குவேன். 1.8 வோல்ட் என்ற வரம்பு மிகக் குறுகியது. கம்பியில் ஒரு சிறு மின்னதிர்ச்சி வந்தாலும் பாதிக்கப்படுவது அதன் மூலச் சில்லே. வெளியே தனியாக இருக்கும் ஏடிசி பழுதானால் அதை மட்டும் மாற்றிவிடலாம். பலகைக்கு மின்சாரம் வருவதற்கு முன் ஊசிகளுக்கு மின்னழுத்தம் போகக் கூடாது என்ற நிபந்தனையும் அதற்கு உண்டு. 24 வோல்ட் சுற்று தனி வழங்கியில் எப்போதும் உயிரோடு இருக்கும் உங்கள் அமைப்பில், பலகையை மட்டும் அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த நிபந்தனை மீறப்படும்.

பிஆர்யூ மிக அருமையான அம்சம். ஒரு கட்டளைக்கு 5 நானோவினாடி என்று துல்லியமாகக் கணக்கிடலாம். ஆனால் அதற்கு இங்கே வேலை இல்லை. நாளை நீங்கள் 10 லிட்டருக்கு ஒரு துடிப்பு தரும் நீர்மானி பொருத்தினாலும், நிமிடத்துக்கு 500 லிட்டர் பாய்ந்தால் நிமிடத்துக்கு 50 துடிப்புகள்தான் வரும். லினக்ஸ் இயங்கும் எந்தப் பலகையும் அதைத் தவறவிடாது.

மோட்டார் ஓடும் நேரத்தை அறிய, பேனலில் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டரின் ஆக்சிலரி காண்டாக்ட்டை (துணை இணைப்பை) பயன்படுத்துங்கள். அது மின்சாரமே இல்லாத வெறும் சுவிட்ச். மோட்டார் ஓடும்போது மூடிக்கொள்ளும். ஒளியின் வழியாக மட்டும் குறியைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாக ஓர் ஊசிக்குக் கொண்டுவந்தால் போதும். மோட்டாரை இயக்கும் அதிகாரத்தைப் பலகைக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது பார்க்கட்டும், எழுதட்டும், கை வைக்க வேண்டாம்.

கே.ஆர்.புரம் ஓய்வுபெற்றவர் | திங்கள், காலை 7.30

மாணவியின் கணக்கு அழகாக இருக்கிறது. அதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் சம்ப் 2.5 மீட்டர் ஆழம்தான் என்பதால் 5 மீட்டர் டிரான்ஸ்மிட்டர் வாங்க வேண்டாம். 3 மீட்டர் அளவினதை வாங்குங்கள். அப்போது 1 செ.மீ.க்கு 8 மில்லிவோல்ட் கிடைக்கும், ஏடிஎஸ்1115இல் 64 படிகள். அதைவிட முக்கியமானது, இந்தக் கருவிகளின் பிழையை அதன் முழு அளவின் விழுக்காடாகவே குறிப்பிடுகிறார்கள். 0.5 விழுக்காடு என்றால் 5 மீட்டரில் 2.5 செ.மீ., உங்கள் சம்ப்பில் 300 லிட்டர்; 3 மீட்டரில் 1.5 செ.மீ., 180 லிட்டர். எத்தனை பிட் ஏடிசி போட்டாலும் இந்தப் பிழையை அது குறைக்காது. டேங்கருக்கு முன்னும் பின்னும் அளந்து கழிக்கும்போது இரு அளவிலும் பொதுவாக இருக்கும் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும் என்பதால், டேங்கர் கணக்கு இதைவிட நன்றாகவே வரும். ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடினால் மட்டும் கணக்கு கெடும். அதன் காண்டாக்டரிலிருந்தும் ஒரு கம்பி எடுத்துவிடுங்கள்.

கம்பியைப் பொறுத்தவரை, முறுக்கிய இணைக் கம்பியாகவும் உலோக உறை உள்ளதாகவும் வாங்கி, உறையை அலுவலகப் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் இடியுடன் பெய்யும் மழையை எண்ணி, கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றை வைக்காமல் விடாதீர்கள்.

ஹொரமாவு செயலாளர் | திங்கள், இரவு 9.00

நீங்கள் எல்லாரும் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். பலகை அலுவலகத்திலேயே, யூபிஎஸ்ஸில், ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது முடிவாகிவிட்டது. 3 மீட்டர் டிரான்ஸ்மிட்டர், ஏடிஎஸ்1115, டிஎஸ்3231 ஆகியவற்றையும் குறித்துக்கொண்டேன். இனி எஞ்சியிருப்பது, எந்தப் பை என்பதும், எஸ்டி கார்டு கெட்டுப்போகும் என்று பலரும் சொல்வதற்கு என்ன செய்வது என்பதும்தான்.

ஜாலஹள்ளி மாணவி | திங்கள், இரவு 9.50

யூபிஎஸ்ஸும் தனிக் கடிகாரமும் வந்துவிட்ட பிறகு, பை 5க்காக நான் முன்வைத்த காரணங்களில் எஸ்எஸ்டி ஒன்றே மிஞ்சுகிறது. அதையும் பை 4இன் யூஎஸ்பி 3 துளையில் இணைத்து அதிலிருந்தே இயக்க முடியும். ஆகவே 2 ஜிபி நினைவகம் கொண்ட பை 4 போதும் என்பது என் கருத்து. இதைவிடச் சிறிய ஜீரோ 2 டபிள்யூவும் இந்த வேலையைச் செய்யும், மின்சாரமும் மிகக் குறைவாகவே எடுக்கும். ஆனால் அதில் ஈதர்நெட் துளை இல்லை, அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் இருக்கும் அடுக்குமாடியில் அந்த அலைவரிசை எப்போதும் நெரிசலாகவே இருப்பதால், கம்பியில் இணையும் பலகையே நல்லது.

பீன்யா மின்னணுவர் | திங்கள், இரவு 10.25

பை 4க்கே என் வாக்கும்.

கார்டு குறித்து: ஃபிளாஷ் நினைவகத்தில் நான்கு எழுத்தை மாற்றினாலும் ஒரு பெரிய தொகுதியையே அழித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கும். வினாடிக்கு ஒருமுறை எழுதினால் கார்டு விரைவில் தேயும். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் கோப்பு அமைப்பே சிதையும். எனவே இயங்குதளம் இருக்கும் கார்டைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே ஓவர்லே என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. அளவுகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து, ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, தனியாக இணைத்த யூஎஸ்பி எஸ்எஸ்டியில் எழுதுங்கள். பை 4இன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர் வரைதான் தரும் என்பதால், எஸ்எஸ்டியின் மேலட்டையில் குறித்திருக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

150 ஓம் ரெசிஸ்டரை மட்டும் சாதாரண 5 விழுக்காடு வகையில் வாங்காதீர்கள். உங்கள் மின்னோட்டம் மின்னழுத்தமாக மாறுவது அந்த ஒரு பொருளில்தான். எஸ்.பி. ரோட்டில் 0.1 விழுக்காடு மெட்டல் ஃபிலிம் என்று கேட்டு வாங்கி, ஏடிசி தட்டின் திருகு முனைக்கு மிக அருகில் பொருத்துங்கள். பொருத்தியதும், சம்ப்பில் ஓர் அளவுகோலை இறக்கி, நீர் குறைவாக இருக்கும்போது ஒரு முறையும் நிறைந்திருக்கும்போது ஒரு முறையும் உண்மையான மட்டத்தை அளந்து இங்கே எழுதுங்கள். நிரலில் இட வேண்டிய இரண்டு எண்களை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.